தலை திரும்பினால் படமும் திரும்ப வேண்டும்

"வி.ஆர். ஹெட்செட் 1990களிலேயே வந்துவிட்டது என்கிறார்கள். அப்படியானால் நடுவில் இருபது வருடம் எங்கே போயிருந்தது? இப்போது வருகிற ஹெட்செட்டில் அப்படி என்ன மாறிவிட்டது? மாறிவிட்டது என்றால், கேம் ஆடுகிற எல்லோரிடமும் ஏன் இன்னும் ஒன்று இல்லை?" இதுதான் கேள்வி. வி.ஆர். என்றால் வர்ச்சுவல் ரியாலிட்டி, மெய்நிகர் உண்மை: முகத்தில் மாட்டிய திரை வழியாக வேறொரு உலகத்துக்குள் நிற்பதுபோல உணரவைப்பது.

மூன்று கேள்விபோலத் தெரிந்தாலும், மூன்றுக்கும் விடை நம் காதுக்குள் இருக்கிறது. கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று செய்து பாருங்கள். இந்த வரியைப் படித்துக்கொண்டே, 'வேண்டாம்' என்று சொல்வதுபோலத் தலையை இடமும் வலமும் வேகமாக ஆட்டுங்கள். எழுத்து நின்ற இடத்திலேயே நிற்கும், படிக்கவும் முடியும். இப்போது தலையை அசைக்காமல், கையில் இருக்கும் போனை மட்டும் அதே வேகத்தில் ஆட்டுங்கள். எல்லாம் கலங்கிப்போகும். தலை அசையும்போது உள்காதில் உள்ள அரைவட்டக் குழல்கள் அதை உணர்கின்றன. உடனே கண் எதிர்ப்பக்கம் அதே அளவுக்குத் திரும்பிவிடுகிறது. இதற்கு ஆகும் நேரம் சுமார் 10 மில்லிசெகண்ட். நாம் யோசித்துச் செய்வதில்லை, தானாக நடக்கிறது. போன் அசைவது காதுக்குத் தெரியாது, அதனால் கண்ணுக்கு அந்த உதவி கிடைப்பதில்லை.

ஹெட்செட் போட்டவருக்குத் திரை தலையோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. தலை வலப்பக்கம் திரும்பினால், கணினி அதைக் கண்டுபிடித்து, படத்தை இடப்பக்கம் நகர்த்தி வரைந்து, திரைக்கு அனுப்ப வேண்டும். யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறோமே, அதிலேயே தலை நொடிக்கு 100 டிகிரி வேகத்தைச் சாதாரணமாகத் தொட்டுவிடும். படம் 50 மில்லிசெகண்ட் தாமதமாக வந்தால் எதிரே இருக்கும் சுவர் 5 டிகிரி தள்ளி நிற்கும். கையை முழுதாக நீட்டி, நடு மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் எவ்வளவு அகலமோ, அவ்வளவு. தலை நின்ற பிறகு சுவர் வழுக்கிக்கொண்டு வந்து தன் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். கண் ஒன்று சொல்ல, காது வேறொன்று சொல்ல, நடுவில் மாட்டிக்கொள்வது வயிறு. தலை அசைந்ததிலிருந்து படம் மாறுவதுவரை மொத்தமும் 20 மில்லிசெகண்டுக்குள் முடிந்தால்தான் பெரும்பாலானோருக்கு உறுத்தாது என்பது இந்தத் துறையில் புழங்கும் கணக்கு.

இந்த 20 என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் பழைய கதை எல்லாம் வேறு மாதிரி தெரியும்.

வி.ஆர். வரலாறு எழுதுகிறவர்கள் பலர் மார்ட்டன் ஹைலிக் 1962இல் காப்புரிமை வாங்கிய சென்சோரமாவிலிருந்து ஆரம்பிப்பார்கள். காற்றும் வாசனையும் வரும் பெட்டிக்குள் தலையை விட்டு முப்பரிமாணப் படம் பார்க்கும் இயந்திரம் அது. நல்ல கற்பனைதான். ஆனால் பார்க்கிறவர் தலையைத் திருப்பினால் அதற்குத் தெரியாது. அதனால் என் கணக்கில் அது சேராது. என் கணக்கு 1968இல், கணினி ஆய்வாளர் ஐவன் சதர்லாண்டிடமிருந்து தொடங்குகிறது. அவரும் அவருடைய மாணவர் பாப் ஸ்ப்ரௌலும் செய்த கருவியில் இரண்டு குட்டிப் படக்குழாய்கள் தலைக்கு இருபுறமும் இருந்தன. தலையின் நிலையை அறிய, மேற்கூரையிலிருந்து ஒரு இயந்திரக் கை இறங்கித் தொப்பியோடு இணைந்திருந்தது. தலைக்கு மேல் தொங்கும் வாளைப் பற்றிய பழைய கிரேக்கக் கதையை வைத்து அதற்கு 'டமாக்ளிஸின் வாள்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. உள்ளே தெரிந்தது வெறும் கோடுகளால் ஆன கனசதுரம். ஆனால் தலையைத் திருப்பினால் அந்தக் கனசதுரம் அறையில் தன் இடத்தில் நின்றது. அந்த ஒன்றுதான் வி.ஆர்.; பிறகு வந்த எல்லாம் அதைச் சின்னதாக்குவதும், மலிவாக்குவதும், வேகமாக்குவதும்தான்.

அடுத்த தாவல் 1980களின் நடுவில். நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் ஹெட்செட் செய்தவர்கள் அதற்கான திரையைத் தாங்களே தயாரிக்கவில்லை. அப்போது புதிதாக வந்திருந்த பாக்கெட் டிவியின் எல்.சி.டி. திரையை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். வேறு எதற்கோ கோடிக்கணக்கில் தயாராகும் பொருளை எடுத்து முகத்தில் மாட்டுவது என்ற இந்த யுக்தியைக் கவனியுங்கள், பின்னால் இது திரும்ப வரும். அதே காலத்தில் ஜாரன் லேனியரின் வி.பி.எல். நிறுவனம் ஐஃபோன் என்ற பெயரிலேயே ஒரு ஹெட்செட்டை விற்றது. 'ஐ' என்றால் அங்கே கண். 'மெய்நிகர் உண்மை' என்ற பெயரைப் பரப்பியவரும் லேனியர்தான். விலை பல்லாயிரம் டாலர். அதை ஓட்டும் கணினிக்கு அதைவிடப் பல மடங்கு. ஆராய்ச்சிக்கூடங்களைத் தவிர வேறு யாரும் கிட்டப் போகவில்லை.

கேம் ஆடுகிறவர்கள் கையில் கிடைத்தது 1991இல். பிரிட்டனில் ஜானதன் வால்டெர்னின் நிறுவனம் 'வர்ச்சுவாலிட்டி' என்ற ஆர்கேட் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. காசு கட்டி, இடுப்புயர வளையத்துக்குள் நின்று, கனமான ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஆட வேண்டும். உள்ளே ஓடியது ஒரு அமிகா 3000 கணினி. பிரபலமான விளையாட்டு 'டாக்டில் நைட்மேர்': கட்டம் போட்ட மேடைகள், எதிரே இன்னொரு ஆட்டக்காரர், திடீரென்று மேலிருந்து வந்து தூக்கிக்கொண்டு போகும் பறக்கும் பல்லி. ஆடியவர்களுக்கு மறக்காது. ஆனால் ஒரு ஆட்டம் சில நிமிடத்தில் முடிந்துவிடும், முடிந்துவிடுவதும் நல்லதுதான். படம் மெதுவாக, திணறித் திணறித்தான் மாறியது. இன்னும் கொஞ்ச நேரம் ஆடவிட்டிருந்தால் பக்கத்தில் வாளி வைக்க வேண்டியிருந்திருக்கும்.

கேம் நிறுவனமான சேகாவும் தன் பங்குக்கு ஒரு ஹெட்செட்டை 1993இல் கண்காட்சியில் காட்டியது, கடைசிவரை விற்பனைக்கு விடவில்லை. அப்புறம் நின்டெண்டோ.

அவர்களுடைய வர்ச்சுவல் பாயைப் பற்றிக் கிண்டலாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதன்மேல் ஒரு பரிதாபம் உண்டு. கேம் பாயை உருவாக்கிய குன்பே யோகோய் செய்தது. 1995 ஜூலையில் ஜப்பானிலும், அடுத்த மாதம் அமெரிக்காவிலும் வந்தது. அமெரிக்காவில் விலை சுமார் 180 டாலர். வண்ண எல்.சி.டி. திரை அப்போது விலையும் அதிகம், தெளிவும் குறைவு. அதனால் திரையே இல்லாமல் செய்தார்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரே ஒரு வரிசையில் 224 சிவப்பு எல்.இ.டி. விளக்குகள். எதிரே ஒரு சின்னக் கண்ணாடி நொடிக்கு 50 முறை அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த ஒற்றை வரிசையைக் கண்ணாடி பக்கவாட்டில் இழுத்து 384 வரிசையாக விரித்துக் காட்டும். கறுப்பில் சிவப்புப் படம், கூர்மையாக, ஆழத்தோடு. பொறியியலாகப் பார்த்தால் அழகான வேலை.

ஆனால் தலையின் அசைவை அது கவனிக்கவே இல்லை. மேஜைமேல் இரண்டு காலில் நிற்கும் பெட்டி. அதற்குள் முகத்தைப் புதைத்துக் கழுத்தை வளைத்து உட்கார வேண்டும். குமட்டல் வரும் வழியை மொத்தமாக அடைத்துவிட்டார்கள், கூடவே வி.ஆர். என்பதும் வெளியே போய்விட்டது. மிஞ்சியது கழுத்து வலியும் கண் வலியும். மொத்தம் 22 விளையாட்டு, சுமார் 7,70,000 விற்பனை, ஒரு வருடத்துக்குள் கடை மூடல்.

ஆக, முதல் கேள்விக்குப் பதில்: 90களின் ஹெட்செட்டுகள் படம் மோசமாக இருந்ததால் தோற்கவில்லை. அந்தக் காலத்து டிவி கேம்களும் சதுரம் சதுரமாகத்தான் இருந்தன, மக்கள் விழுந்து விழுந்து ஆடினார்கள். தோற்றது தாமதத்தால். தாமதத்தைத் தவிர்த்த ஒன்றோ வி.ஆரையே தவிர்த்துவிட்டது. நடுவில் இருபது வருடம் ராணுவப் பயிற்சியிலும் பல்கலைக்கழக ஆய்வகங்களிலும் ஹெட்செட்டுகள் இருந்துகொண்டுதான் இருந்தன, வீட்டுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்தது கேம் துறை இல்லை, கைப்பேசி. 2007க்குப் பிறகு ஆளுக்கொரு ஸ்மார்ட்போன் என்றானபோது, உள்ளங்கை அளவு கூர்மையான திரைகள் கோடிக்கணக்கில் தயாராகின. 2010இல் வந்த ஐபோன் 4இல் கைரோஸ்கோப் சேர்ந்தது. அடுத்தடுத்து எல்லா போனிலும் வந்துவிட்டது. முன்பு விமானத்துக்கும் ஏவுகணைக்கும் வாங்கிய உணரி, அரிசி மணி அளவில் சில்லறைக் காசுக்குக் கிடைத்தது. நொடிக்கு ஆயிரம் முறை 'தலை இப்போது எந்த வேகத்தில் திரும்புகிறது' என்று சொல்லும் உணரி. நாசா பாக்கெட் டிவியைப் பிரித்த அதே கதைதான், இந்த முறை பிரித்தவர் பாமர் லக்கி. பழைய ஹெட்செட்டுகளை வாங்கிச் சேர்க்கும் பழக்கம் கொண்ட பையன். வீட்டிலேயே மாதிரிகள் செய்துகொண்டிருந்தார்.

அவர் வைத்த குறுக்குவழி லென்ஸில் இருக்கிறது, இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கண்ணுக்கு இரண்டு அங்குலத்தில் இருக்கும் திரையைப் பார்க்க நடுவில் பூதக்கண்ணாடி வேண்டும். பார்வை முழுவதையும் நிரப்புகிற அளவு அகலமாகவும் இருக்க வேண்டும், ஓரங்களில் படம் வளையாமலும் இருக்க வேண்டும் என்றால் பல லென்ஸ்களை அடுக்க வேண்டும்; கனமும் ஆகும், விலையும் ஆகும். லக்கியின் மாதிரியில் இருந்தது மலிவான ஒற்றை லென்ஸ். நேர்க்கோடு அதில் ஊசி குத்திவைக்கும் தலையணையின் ஓரம்போல உள்வாங்கித் தெரியும். அதனால் என்ன? லென்ஸ் உள்பக்கம் வளைத்தால், கணினி படத்தை முன்கூட்டியே பீப்பாய்போல வெளிப்பக்கம் வளைத்துவிட வேண்டியதுதான். இரண்டு வளைவும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு கண்ணுக்கு நேர்க்கோடாக வந்து சேரும். கண்ணாடி செய்ய வேண்டிய வேலையை மென்பொருள் தலையில் கட்டிவிட்டார். 1985இன் கணினிக்கு இது பெரிய சுமை. 2012இன் கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஒரு பொருட்டே இல்லை.

'டூம்', 'குவேக்' விளையாட்டுகளை எழுதிய ஜான் கார்மாக் அந்த மாதிரிகளில் ஒன்றை வாங்கி, டேப் ஒட்டி, தன் நிரலைச் சேர்த்து 2012 ஜூனில் ஈ3 கண்காட்சியில் காட்டினார். ஆகஸ்ட்டில் லக்கியின் நிறுவனமான ஆக்குலஸ், பொதுமக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 2,50,000 டாலர் கேட்டது. 24 லட்சத்துக்கு மேல் வந்தது. லக்கிக்கு அப்போது 19 வயது.

2013 மார்ச்சில் நிரலாளர்கள் கைக்கு வந்த முதல் பெட்டி, டி.கே.1. போட்டவுடன் எல்லோரும் ஒருமுறை 'அட!' என்றார்கள், பத்து நிமிடத்தில் கழற்றி வைத்தார்கள். திரை 1280க்கு 800 பிக்சல். அதைக் கண்ணுக்குப் பாதியாகப் பிரித்தால், பார்வையின் ஒரு டிகிரிக்கு ஏழு பிக்சல்தான் விழும். நல்ல கண்ணுக்கு ஒரு டிகிரிக்கு 60 வேண்டும். கொசுவலை வழியாக உலகத்தைப் பார்ப்பதுபோல இருக்கும். எல்லோரும் அதைத்தான் குறை சொன்னார்கள். உண்மையான கோளாறு வேறு: தலையைத் திருப்பினால் எல்லாம் அழிந்து குழம்பியது. இதன் காரணத்தைக் கண்டுபிடித்துத் தீர்த்ததுதான் இந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்த பகுதி.

டி.கே.1 நொடிக்கு 60 படம் காட்டும். ஒரு படம் சுமார் 17 மில்லிசெகண்ட் எரிந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் தலை நொடிக்கு 100 டிகிரி வேகத்தில் திரும்பினால் 1.7 டிகிரி நகர்ந்துவிடும். கண்ணோ, உள்காது சொன்னபடி, அறையில் உள்ள பொருளை நோக்கி எதிர்ப்பக்கம் சரியாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. திரையிலிருக்கும் படம் மட்டும் தலையோடு சேர்ந்து போகிறது. விளைவு, ஒவ்வொரு புள்ளியும் விழித்திரையில் ஒரு டஜன் பிக்சல் நீளத்துக்கு இழுபடுகிறது. அதாவது, கண் சரியாக வேலை செய்வதாலேயே படம் கெடுகிறது!

இதற்கு, வால்வ் என்ற கேம் நிறுவனத்தில் இருந்த மைக்கேல் அப்ராஷும் அவருடைய குழுவும் சொன்ன தீர்வு: படத்தை முழு நேரமும் எரியவிடாதே. ஒன்றிரண்டு மில்லிசெகண்ட் மட்டும் பளிச்சென்று காட்டிவிட்டு, அடுத்த படம் வரும்வரை இருட்டாக வை. ஒரு நொடியில் பெரும்பகுதி நேரம் ஹெட்செட்டின் திரை அணைந்துதான் இருக்கிறது. நமக்குத் தெரிவதில்லை. 2014இன் டி.கே.2வில் இது வந்தது. திரை சாம்சங் போனுடைய ஓ.எல்.இ.டி. அதற்குப் பிறகு வந்த எந்த உருப்படியான ஹெட்செட்டும் இதைச் செய்யாமல் இல்லை.

இன்னொரு தந்திரமும் உண்டு. ஒரு காட்சியை வரைந்து முடிக்கவே பத்துப் பதினொரு மில்லிசெகண்ட் ஆகிவிடுகிறது. வரைய ஆரம்பித்தபோது தலை இருந்த இடம் வேறு, முடித்தபோது இருக்கும் இடம் வேறு. அதனால் திரைக்கு அனுப்பும் கடைசிக் கணத்தில் உணரியை மறுபடி ஒருமுறை கேட்டு, தலை எவ்வளவு திரும்பியிருக்கிறதோ அவ்வளவுக்குப் படத்தை நகர்த்தி அனுப்புகிறார்கள். புது ஓவியம் வரைய நேரமில்லை, சட்டத்தைக் கொஞ்சம் தள்ளி மாட்டிவிடுகிறார்கள். கார்மாக் இதில் நிறைய உழைத்தார். போனைச் செருகிப் பார்க்கும் கியர் வி.ஆர். ஓரளவுக்காவது தாங்கியது இதனால்தான்.

2014 மார்ச்சில் ஃபேஸ்புக் 200 கோடி டாலர் மதிப்பில் ஆக்குலஸை வாங்குவதாக அறிவித்தது. அதை நம்பிப் பணம் கொடுத்த பலர் கொதித்தார்கள். அந்தச் சண்டை இங்கே வேண்டாம்.

2016தான் கடைக்கு வந்த வருடம். மார்ச்சில் ஆக்குலஸ் ரிஃப்ட் 599 டாலருக்கு, ஏப்ரலில் எச்.டி.சி. வைவ் 799க்கு, அக்டோபரில் பிளேஸ்டேஷன் வி.ஆர். 399க்கு. முதல் இரண்டிலும் கண்ணுக்கு 1080க்கு 1200 பிக்சல், நொடிக்கு 90 படம். வேறுபாடு எங்கே என்றால், தலை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறையில்.

கைரோஸ்கோப் திரும்புவதை மட்டும்தான் நம்பகமாகச் சொல்லும். முன்னே ஒரு அடி வைத்தீர்களா, குனிந்தீர்களா என்பதை முடுக்கமானியிலிருந்து கணக்குப் போடலாம். ஆனால் முடுக்கத்திலிருந்து வேகம், வேகத்திலிருந்து தூரம் என்று இரண்டு முறை கூட்ட வேண்டியிருப்பதால் துளிப் பிழையும் சில நொடிகளில் மீட்டர் கணக்கில் பெருகிவிடும். வெளியிலிருந்து யாராவது அவ்வப்போது திருத்த வேண்டும். ரிஃப்ட்டில் ஹெட்செட் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகள் மின்னின. மேஜைமேல் ஒரு கேமரா அவற்றைப் பார்த்தது. வைவ் இதைத் தலைகீழாக்கியது. அறையின் இரண்டு மூலையில் இரண்டு பெட்டி. பெட்டி எதையும் பார்ப்பதில்லை, கலங்கரை விளக்கம்போல வெறுமனே சுழல்கிறது. முதலில் ஒரு மின்னல், அப்புறம் லேசர் கோடு அறையைத் துடைத்துக்கொண்டு போகிறது. ஹெட்செட்டில் பள்ளம் பள்ளமாகத் தெரிகிறதே, ஒவ்வொன்றிலும் ஒரு ஒளி உணரி. மின்னலுக்கும் லேசர் தன்னைத் தொட்டதற்கும் இடையே எவ்வளவு நேரம் என்று அது எண்ணுகிறது. சுழலி நொடிக்கு 60 சுற்று என்பதால் ஒரு டிகிரிக்கு சுமார் 46 மைக்ரோசெகண்ட். நேரத்தைக் கோணமாக மாற்றிவிட்டால் இடம் மில்லிமீட்டர் சுத்தமாகக் கிடைத்துவிடுகிறது. கடிகாரத்தை அளவுகோலாக்கியிருக்கிறார்கள். இன்றைக்கும் துல்லியம் என்றால் இதை அடிக்கச் சுலபமாக ஆள் கிடைக்காது.

அறைக்குள் நடக்க முடிந்ததும், கையில் கன்ட்ரோலர் வந்ததும், மூளை எவ்வளவு சீக்கிரம் ஏமாறுகிறது என்பது விளங்கியது. ஒருமுறை ஆட்டத்துக்குள் இருந்த மேஜையின்மேல் கன்ட்ரோலரை வைத்தேன். நிஜக் கன்ட்ரோலரை. தரையில் விழுந்த சத்தம் கேட்ட பிறகும், அந்த மேஜை இல்லை என்று நம்ப ஒரு கணம் பிடித்தது.

ஆனால் இத்தனைக்கும் விலை உயர்ந்த கணினி வேண்டும், தலையிலிருந்து கயிறு மாதிரி ஒரு கேபிள் தொங்கும், மூலையில் பெட்டி மாட்ட வேண்டும். அந்தத் தொல்லையை வெட்டியது 2019 மே மாதம் வந்த ஆக்குலஸ் குவெஸ்ட். கேமராவை ஹெட்செட்டிலேயே நான்கு மூலையில் வைத்துவிட்டார்கள். அவை அறையில் உள்ள கதவு விளிம்பு, படச்சட்டத்தின் முனை போன்றவற்றைக் குறித்துவைத்து, அவற்றிலிருந்து தன் இடத்தைக் கணக்கிடும். கணினியும் உள்ளேயே, அதுவும் ஒரு போனின் சிப்தான். படத்தின் தரம் மேஜைக் கணினியோடு ஒப்பிடவே முடியாது. ஆனாலும் மக்கள் அதைத்தான் வாங்கினார்கள். 2020இல் குவெஸ்ட் 2 விலை 299 டாலருக்கு இறங்கியபோது வி.ஆர். என்றாலே அதுதான் என்றாகிவிட்டது. கிட்டத்தட்ட அதே விலைக்கு டி.கே.1 வந்து எட்டு வருடம் ஆவதற்குள் இது.

விளையாட்டுகள் பக்கம் வருவோம். இங்கும் உள்காதுதான் நடுவர். டிவியில் நன்றாக ஓடும் சுடும் விளையாட்டை அப்படியே ஹெட்செட்டுக்குள் கொண்டுவந்தால், கன்ட்ரோலரின் குச்சியைத் தள்ளியதும் கண் 'ஓடுகிறோம்' என்கிறது, காது 'சோபாவில் உட்கார்ந்திருக்கிறோம்' என்கிறது. ஹெட்செட்டின் தாமதம் பூஜ்யமானாலும் இந்தச் சண்டை தீராது. இது கருவியின் குறை இல்லை. அதனால்தான் ஒரு இடத்தைச் சுட்டிக்காட்டித் தாவிப்போகும் முறை வந்தது. சட்டென்று 30 டிகிரி, 45 டிகிரியாகத் திரும்பும் முறையும், நகரும்போது ஓரங்களை இருட்டாக்குவதும் வந்தன.

2018இல் வந்த 'பீட் சேபர்' (பாட்டின் தாளத்துக்குப் பறந்து வரும் கட்டைகளை வெளிச்சவாளால் வெட்டும் விளையாட்டு) ஏன் இவ்வளவு ஓடியது என்று கேட்டால், பாட்டு, வெளிச்சவாள் என்றெல்லாம் சொல்வார்கள். என் பதில்: ஆடுகிறவர் நின்ற இடத்தைவிட்டு நகர்வதே இல்லை. கட்டைகள்தான் நம்மை நோக்கி வருகின்றன. குனிந்தால் நிஜமாகவே குனிகிறோம், கை வீசினால் நிஜமாகவே வீசுகிறோம். கண்ணும் காதும் சண்டை போட ஒரு சந்தர்ப்பமும் இல்லை. அரை மணி நேரம் ஆடிவிட்டு வியர்வையோடு கழற்றுகிறவருக்குத் தலை சுற்றாது.

2020 மார்ச்சில் வால்வ் வெளியிட்ட 'ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்' இன்னொரு பாடம். அதில் தூரத்தில் இருக்கும் பொருளை நோக்கிக் கையை நீட்டி மணிக்கட்டைச் சுண்டினால், அது பறந்து வரும். கையால் பிடிக்க வேண்டும். ஆட்டத்தில் அது அதிசயக் கையுறை. நடைமுறையில், தரையில் கிடக்கும் ஒவ்வொரு தோட்டாவுக்கும் குனிந்து குனிந்து இடுப்பு ஒடியாமலும், எடுக்கப் போய் நிஜ நாற்காலியில் முட்டிக்கொள்ளாமலும் இருக்க ஒரு வழி. உடம்பின் சோம்பலை மதித்து வடிவமைத்த விளையாட்டுகளே நின்றன.

பிறகு வந்த முன்னேற்றங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். 2016இன் ரிஃப்ட்டிலும் வைவிலும் வளையம் வளையமாக வெட்டிய ஃபிரெனல் லென்ஸ்; இருட்டில் வெள்ளை எழுத்து வந்தால் அதைச் சுற்றி ஒளிக்கீற்று சிதறும். 2023இன் குவெஸ்ட் 3இல் பேன்கேக் லென்ஸ். ஒளியை லென்ஸுக்குள்ளேயே முன்னும் பின்னும் மடித்து அனுப்புவதால் திரையைக் கண்ணுக்கு நெருக்கமாக வைக்கலாம், பெட்டி ஒல்லியாகும், ஓரம்வரை தெளிவாக இருக்கும். ஆனால் அதில் பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பிவிடும் கண்ணாடி ஒன்று உண்டு; ஒளி அதை இருமுறை சந்திக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் பாதி போய்விடும். கால் பங்குக்கு மேல் கண்ணுக்கு வராது. அதே வருடம் வந்த பிளேஸ்டேஷன் வி.ஆர்.2 கண் எங்கே பார்க்கிறது என்று கவனித்து, அந்த இடத்தை மட்டும் முழுக் கூர்மையில் வரையும். நம் கண்ணும் நடுவில் ஒன்றிரண்டு டிகிரிதான் கூர்மையாகப் பார்க்கிறது என்பதால் ஓரத்தில் நடக்கும் கஞ்சத்தனம் தெரிவதில்லை. டிகிரிக்கு ஏழு பிக்சலில் தொடங்கியது குவெஸ்ட் 3இல் 25ஐத் தொட்டுவிட்டது. கொசுவலை போய்விட்டது.

சரி, மூன்றாவது கேள்வி. ஏன் எல்லோரிடமும் இல்லை?

பிளேஸ்டேஷன் வி.ஆர். 2019 முடிவதற்குள் 50 லட்சம் விற்றது. கேட்கப் பெரிய எண். அதே நேரம் அதை மாட்டக்கூடிய பிளேஸ்டேஷன் 4 பத்துக் கோடிக்கு மேல் விற்றிருந்தது. கன்சோல் ஏற்கெனவே வீட்டில் இருந்தவர்களிலேயே இருபது பேரில் ஒருவர்தான் வாங்கினார். மெட்டா என்று பெயர் மாற்றிக்கொண்ட ஃபேஸ்புக்கின் வி.ஆர். பிரிவு 2022இல் 1,370 கோடி டாலரும், 2023இல் 1,610 கோடியும், 2024இல் 1,770 கோடியும் இயக்க நஷ்டம் காட்டியது. வேறு திட்டங்களும் அதில் அடக்கம் என்றாலும், இவ்வளவு பணத்தைக் கொட்டியும் ஹெட்செட் டிவி ரிமோட் மாதிரி ஆகவில்லை என்பது உண்மை.

பிக்சலும் தாமதமும் கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டன. மிச்சமிருப்பது வேறு வகை. குவெஸ்ட் 3 சுமார் 515 கிராம். கையில் பிடித்தால் ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கனம் கழுத்தின் அச்சிலிருந்து ஒரு சாண் முன்னால் தொங்குகிறது, கன்னத்தை அழுத்துகிறது. ஆப்பிள் 3,499 டாலருக்கு விற்க வந்த விஷன் ப்ரோவும் 600 கிராமைத் தாண்டியது. காசால் கனத்தைக் குறைக்க முடியவில்லை. அப்புறம், ஹெட்செட்டுக்குள் எல்லாப் பொருளும், ஒரு சாணில் இருப்பதும் மலையில் இருப்பதும், ஒன்றரை இரண்டு மீட்டர் தூரத்தில் இருப்பதுபோலத்தான் கண் குவிய வேண்டும். கையில் பிடித்த பொருளை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தால் இரண்டு கண்ணும் உள்பக்கம் திரும்புகின்றன, குவியம் மட்டும் தூரத்திலேயே நிற்கிறது. நிஜ உலகில் இந்த இரண்டும் பிரிந்ததே கிடையாது. சாயங்காலம் கண் களைத்துப்போக அது ஒரு காரணம். கடையில் கிடைக்கும் எந்த வி.ஆர். ஹெட்செட்டும் இதை முழுதாகத் தீர்க்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று. டிவியில் கேம் ஆடும்போது பக்கத்தில் யாராவது உட்கார்ந்து பேசலாம், நடுவில் தண்ணீர் குடிக்கலாம், போன் பார்க்கலாம். ஹெட்செட் போட்டவர் அறையிலிருந்து வெளியே போய்விடுகிறார். வேலை முடிந்து களைத்து வந்தவருக்கு அது பெரிய முடிவு. அதனால்தான் வாங்கியவர்களிலும் பலர் முதல் மாதம் ஆடிவிட்டு அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். என்னுடையதும் சில வாரம் அப்படிக் கிடக்கும். சார்ஜ் இல்லாமல் இருப்பது தெரிந்ததும் இன்னும் இரண்டு வாரம் கிடக்கும்.

வாங்கத் தீர்மானித்திருந்தால் இரண்டு விஷயம். போட்டவுடன் லென்ஸ்களுக்கு இடையே உள்ள தூரத்தைச் சரிசெய்யுங்கள். கண்மணிகளுக்கு இடையே சராசரியாக 63 மில்லிமீட்டர் என்றாலும் ஆளுக்கு ஆள் பத்து மில்லிமீட்டர்வரை கூடும், குறையும். அது தவறாக இருந்தால் மேலே சொன்ன இத்தனை பேர் உழைப்பும் வீண், தலைவலிதான் வரும். இரண்டாவது, முதல் சில நாள் பத்து நிமிடம் போதும், நின்ற இடத்திலிருந்தே ஆடும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். நெற்றி லேசாக வியர்த்து, வாயில் எச்சில் ஊற ஆரம்பித்தால் அந்த நொடியே கழற்றிவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினால் பழகிவிடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அப்படி ஆடிய சிலருக்கு, பிறகு ஹெட்செட்டின் ரப்பர் வாசனையே வயிற்றைப் புரட்ட ஆரம்பித்திருக்கிறது.